மாமா பாஸ் பண்ணிய நாள்

எனக்குப் பத்து வயதாக இருந்தபோது எங்கள் வீட்டில் ஆங்கிலத்துக்கு நான்தான் பொறுப்பு. யாரும் ஒப்படைத்த பொறுப்பல்ல, நானாக எடுத்துக்கொண்டது. பம்பலப்பிட்டியில் நான் படித்த பாடசாலையில் அந்த வருடம்தான் என்னை ஆங்கில மொழி வகுப்புக்கு மாற்றியிருந்தார்கள். அன்றிலிருந்து மருந்துப் போத்தலில் எழுதியிருப்பது, தண்ணீர்க் கட்டணத்தோடு வரும் அறிவித்தல், தொலைக்காட்சிப் படத்தில் வெள்ளைக்காரர் ஏன் சண்டை பிடிக்கிறார்கள் என்பது எல்லாவற்றையும் வீட்டாருக்கு விளக்கிச் சொல்வது என் வேலையாயிற்று.

அப்பாவுக்கு என்னைவிட எவ்வளவோ நன்றாக ஆங்கிலம் தெரியும். கொட்டாஞ்சேனையில் கப்பல் சரக்குகளைக் கையாளும் ஒரு கம்பனியில் வெளிநாட்டுக் கடிதங்களுக்குப் பதில் எழுதுவதுதான் அவருடைய உத்தியோகம். ஆனால் வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுக்கு வந்து படியேறியதும் சப்பாத்தோடு ஆங்கிலத்தையும் வாசலில் கழற்றி வைத்துவிடுவார். அதனால் என் பதவிக்கு ஆபத்து வரவில்லை.

எனக்கு ஒரு மாணவியும் இருந்தார். அவர் என் மாமி, அம்மாவின் தம்பியைக் கலியாணம் செய்தவர். கலியாணம் முடிந்து சில மாதங்களில் மாமா கனடாவுக்குப் போய்விட்டார். விசா அலுவல்களைப் பார்ப்பதற்குக் கொழும்பில் இருப்பதுதான் வசதி என்று மாமி யாழ்ப்பாணத்திலிருந்து வந்து எங்கள் மாடிவீட்டின் பின்னறையில் தங்கினார். கொஞ்ச நாளைக்குத்தான் என்று சொல்லித்தான் வந்தார். எனக்குப் பால்பற்கள் விழுந்து முளைக்கும்வரை அந்தக் கொஞ்ச நாள் நீண்டுவிட்டது. மாமாவின் முகம் எனக்குக் கலியாண அல்பத்திலிருந்துதான் தெரியும். குரல் ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைபேசியில் வரும். கைத்தொலைபேசியில் முகம் பார்த்துக் கதைப்பதெல்லாம் எங்கள் வீட்டுக்கு வராத காலம் அது.

கனடாவுக்குப் போனால் ஆங்கிலம் வேண்டும். ஆகவே மாலை நேரத்தில் மாமி சாப்பாட்டு மேசையில் என் அருகில் வந்து உட்காருவார். பாடசாலையில் அன்றைக்கு எனக்குச் சொல்லித்தந்ததை நான் அவருக்குச் சொல்லிக்கொடுப்பேன். எங்கள் ரீச்சரின் குரலிலேயே சொல்வேன். பிழை விட்டால் ரீச்சரைப் போலவே கண்ணாடிக்கு மேலால் பார்ப்பேன். எனக்குக் கண்ணாடி இல்லை என்பது ஒரு குறையாகத் தோன்றவில்லை.

அந்தத் தவணையில் ரீச்சர் எங்களுக்குச் சின்ன வினைச்சொற்களைப் படிப்பித்தார். பெரிய சொல்லுக்கு ஒரு வேலைதான் தெரியும், சின்னச் சொல்தான் வீட்டில் எல்லா வேலையையும் செய்யும் என்பார். அப்படி வந்ததுதான் 'பாஸ்'. மேசையில் உப்பைப் பாஸ் பண்ணலாம், அதாவது எடுத்துக் கொடுக்கலாம். பந்தைப் பாஸ் பண்ணலாம். பஸ்ஸில் போகும்போது கோயிலைப் பாஸ் பண்ணலாம், அதாவது தாண்டிப் போகலாம். சோதனையைப் பாஸ் பண்ணலாம், இது எல்லோருக்கும் தெரிந்தது. நேரம்கூடப் பாஸ் ஆகும் என்று கடைசியாகச் சொன்னார். அவ்வளவுதான் என்று நான் மாமியிடம் உறுதியாகச் சொன்னேன்.

மாமிக்கு அந்தச் சொல் பிடித்துப்போயிற்று. அன்றிரவு சாப்பிடும்போது முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து, "அண்ணை, பிளீஸ் பாஸ் த சொதி" என்றார். அப்பா சொதிக் கிண்ணத்தைத் தூக்கியபடியே சிரிக்கத் தொடங்கி, கிண்ணத்தைத் திரும்பவும் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். அம்மா சிரித்துப் புரையேறித் தண்ணீர் குடித்தார்.

மாமாவுக்கும் அப்போது அதே சொல்லில்தான் வாழ்க்கை தங்கியிருந்தது. ரொறன்ரோவில் ஒரு பாண் சுடும் தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டு, பெரிய லொறி ஓட்டப் பழகிக்கொண்டிருந்தார். அந்த லைசன்ஸ் கிடைத்தால் நிரந்தர வேலை, நிரந்தர வேலை கிடைத்தால் மாமியைக் கூப்பிடலாம். ஒருமுறை சோதனைக்குப் போய், லொறியைப் பின்னுக்கு எடுக்கும்போது எதிலோ முட்டித் தவறவிட்டிருந்தார். அடுத்த சோதனை வெள்ளிக்கிழமை என்று அந்த ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் சொன்னார். "இந்த முறை பின்னுக்குப் பாக்காமல் முன்னுக்கே ஓடிப் பாஸ் பண்ணிப்போடுவன்" என்று பகிடி விட்டாராம். மாமி தொலைபேசியை வைத்துவிட்டு வந்து எங்களிடம் சொல்லிச் சிரித்தார். வெள்ளிக்கிழமை முழுவதும் விரதம் இருந்தார்.

சனிக்கிழமை காலையில் அம்மா சந்தைக்குப் போயிருந்தார். மாமி கோயிலுக்குப் போயிருந்தார். அப்பாவுக்குச் சனிக்கிழமை அரைநாள் வேலை. நான் மட்டும் வீட்டில் இருந்தபோது தொலைபேசி அடித்தது.

ஒரு பெண்ணின் குரல். வயதான குரல். நான் சொன்ன ஹலோ கடலுக்கு அடியால் போய்த் திரும்பி என் காதுக்கே வந்தது. அவர் மாமாவின் பெயரை உடைத்து உடைத்துச் சொல்லி, இது அவருடைய குடும்பத்தாரின் வீடா என்று ஆங்கிலத்தில் கேட்டார். யார் என்று எனக்கு உடனே விளங்கியது. மாமா ஒரு வீட்டின் கீழ்த்தளத்தில் வாடகைக்கு இருந்தார். அந்த வீட்டுக்காரம்மா ஏதோ ஒரு தீவிலிருந்து வந்த கறுப்பினத்துப் பெண்மணி என்றும், தன்னை மகனே என்று கூப்பிட்டுச் சூப் கொடுப்பார் என்றும் மாமா சொல்லியிருந்தார்.

வீட்டில் பெரியவர்கள் யாராவது இருக்கிறார்களா என்று அவர் கேட்டார். எனக்கு ரோசம் வந்துவிட்டது. எல்லோரும் வெளியே போயிருக்கிறார்கள், எனக்கு ஆங்கிலம் நன்றாகத் தெரியும், நீங்கள் என்னிடம் சொல்லலாம் என்று ஆங்கிலத்தில் ஒரே மூச்சில் சொன்னேன். ஒரு பிழையும் இல்லாமல் சொன்னேன்.

 பிறகு, "ஓ, சுவீட்ஹார்ட்" என்றார். அதன் பிறகு சொன்னார்: "ஹீ பாஸ்ட். ஹீ பாஸ்ட் டுநைட்."

அவருடைய குரல் உடைந்தது. அழுகிறார் என்று தெரிந்தது. எனக்குப் புலமைப்பரிசில் சோதனை பாஸ் என்று வந்தபோது அம்மாவும் இப்படித்தான் அழுதார். அவர் பல தடவை 'சொறி' சொன்னார். வெளிநாட்டார் எதற்கெடுத்தாலும் சொறி சொல்வார்கள் என்று ரீச்சர் சொல்லியிருந்ததால் அதை நான் கணக்கில் எடுக்கவில்லை. தான் கூடவே இருந்ததாகவும், எல்லாம் மிகவும் அமைதியாக நடந்ததாகவும், அதை வீட்டில் சொல்ல வேண்டும் என்றும் சொன்னார். அப்பாவைத் தன்னோடு கதைக்கச் சொன்னார்.

நான் தொலைபேசியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "தாங்க் யூ! தாங்க் யூ வெரி மச்!" என்று கத்தினேன்.

மறுபக்கத்தில் மூச்சு மட்டும் கேட்டது. பிறகு அவர் கடவுள் உன்னை ஆசீர்வதிக்கட்டும் பிள்ளை என்று மெதுவாகச் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

மாமி வரும்வரை என்னால் வீட்டுக்குள் இருக்க முடியவில்லை. படிகளில் இறங்கிக் கீழே ஓடினேன். மாமி அப்போதுதான் பெரிய தெருவான காலி வீதியிலிருந்து எங்கள் ஒழுங்கைக்குள் திரும்பிக்கொண்டிருந்தார். "மாமி! மாமா பாஸ்!" என்று அங்கிருந்தே கூவினேன். ஒழுங்கையில் மீன் வெட்டிக்கொண்டிருந்தவர் கத்தியை நிறுத்திப் பார்த்தார்.

மாமி மாடிப்படியின் கீழ்ப்படியில் உட்கார்ந்துவிட்டார்.

"உண்மையாவோ? ஆர் சொன்னது?"

"வீட்டுக்காரம்மா கோல் எடுத்தவ. ஹீ பாஸ்ட் எண்டு சொன்னவ. அவவும் கூடப் போனவவாம். ஒரு கஷ்டமும் இல்லாமல் அமைதியா நடந்ததாம்."

"திருப்பிச் சொல்லு."

திருப்பிச் சொன்னேன். மாமி என்னை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். நான் மடியில் இருக்கும் வயதைத் தாண்டியிருந்தேன், ஆனாலும் இருந்தேன். அவர் என் தலைக்கு மேலால் எங்கேயோ பார்த்துக்கொண்டு, "அமைதியாவாம்" என்று தனக்குத்தானே சொன்னார்.

அம்மா சந்தைப் பையோடு வந்தார். பை நிலத்தில் விழுந்து தக்காளிகள் உருண்டன. அம்மா ரவை வறுத்துக் கேசரி கிண்டினார். மாமி முழுகிவிட்டு, பெட்டியில் மடித்து வைத்திருந்த பச்சைச் சேலையை எடுத்து உடுத்தினார். விமான நிலையத்துக்கு உடுத்துவதற்கென்று வைத்திருந்த சேலை அது. "இப்பவே பிளேன் வந்திட்டுதோ?" என்று அம்மா நக்கலடித்தார். மாமி வெட்கப்பட்டார். மாமி வெட்கப்பட்டு நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அப்போதுதான் அவர் எவ்வளவு இளமையானவர் என்று எனக்குத் தெரிந்தது.

மேல்மாடியில் இருந்த சிங்கள ஆன்ட்டிக்குக் கேசரி கொண்டுபோனோம். மாமிக்குச் சிங்களம் சரியாக வராது. "ஆன்ட்டி, மஹத்தயா பாஸ்!" என்றார். தன் புருஷனைத்தான் மஹத்தயா என்றார். அந்தச் சொல் சிங்களத்திலும் அப்படியே செல்லுபடியாயிற்று. ஆன்ட்டி இரண்டு கைகளையும் தட்டி மாமியைக் கட்டிப்பிடித்தார். ஒரே சொல் எங்கும் செல்லுகிறது என்று எனக்கு அன்று பெருமையாக இருந்தது.

அப்பா இரண்டு மணியளவில் வந்தார். வாசலில் குடையை மாட்டும்போதே மாமி கேசரித் தட்டோடு முன்னால் நின்றார். அம்மா, மாமி, நான் மூவரும் ஒரே நேரத்தில் கதைத்தோம். அப்பா சிரித்தார். தட்டை வாங்கினார். வாங்கிக்கொண்டே, "ஆர் கோல் எடுத்தது?" என்று கேட்டார்.

"வீட்டுக்காரம்மா" என்றார் அம்மா.

"அவன் ஏன் எடுக்கேல்லை?"

"வேலைக்குப் போயிருப்பான். பிள்ளைதான் கதைச்சவள்."

அப்பா தட்டை மேசையில் வைத்தார். "இஞ்ச வா பிள்ளை. அவ சொன்னதை அப்பிடியே சொல்லு. இங்கிலீசில. ஒண்டையும் மாத்தாமல்."

பேச்சுப்போட்டி மேடையில் நிற்பதுபோலக் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். அந்த அம்மா எங்கெங்கே நிறுத்தினாரோ அங்கெல்லாம் நிறுத்தினேன். 'பாஸ்ட்' என்பதை அவர் இழுத்ததுபோலவே இழுத்தேன். அப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்படி அவர் என்னை உற்றுக் கேட்டது அதுதான் முதல் தடவை.

"சொறி எண்டு சொன்னவவோ?"

"ஓம் அப்பா. கன தரம்."

அப்பா என் தலையில் கையை வைத்தார். கை கனமாக இருந்தது. "வடிவாச் சொன்னாய்" என்றார். பிறகு முகம் கழுவப் போனார். நெடுநேரம் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. தொட்டி நிரம்பி வழியப்போகுது என்று அம்மா உள்ளேயிருந்து குரல் கொடுத்தார்.

வெளியே வந்த அப்பா, "சாப்பாட்டைப் போடுங்கோ" என்றார். எல்லோரும் உட்கார்ந்தோம். தன் தட்டில் கொஞ்சம் சோற்றைப் போட்டுக் கையை அதில் வைத்தபடி இருந்தார். அதன் பிறகு அவர் செய்த ஒரு காரியம் எனக்கு விசித்திரமாக இருந்தது. எழுந்து போய்ச் சோற்றுப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு வந்து மாமிக்குத் தானே பரிமாறினார். எங்கள் வீட்டில் அப்பா யாருக்கும் பரிமாறியதில்லை.

"ஐயோ, காணும் அண்ணை."

"நேத்து விரதம் இருந்தனீங்கள் தானே. சாப்பிடுங்கோ தங்கச்சி. இன்னும் கொஞ்சம் சாப்பிடுங்கோ."

மாமி சிரித்துக்கொண்டு சாப்பிட்டார். குழம்பு, பொரியல், கடைசியில் கேசரி. ஒவ்வொன்றும் முடிய முடிய அப்பா வைத்துக்கொண்டே இருந்தார். அம்மா கண்ணால் என்ன என்று கேட்டார். அப்பா பார்க்கவில்லை.

சாப்பாடு முடிந்ததும், கனடாவுக்குக் கதைத்துவிட்டு வருகிறேன் என்று சட்டையைப் போட்டார். எங்கள் தொலைபேசிக்கு வெளிநாட்டு அழைப்புகள் வரும், இங்கிருந்து போகாது. அதற்குக் காலி வீதியிலிருந்த கொமினிகேஷன் கடைக்குத்தான் போக வேண்டும். "நானும் வாறன் அண்ணை" என்று மாமி எழுந்தார். "நீங்கள் இருங்கோ. அங்க இப்ப விடியப்பறம். அவன் படுத்திருப்பான். நான் முதல் அந்த மனுசியோட கதைச்சுப்போட்டு வாறன்" என்று சொல்லி என் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு இறங்கினார்.

கடையில் கண்ணாடி அடைத்த சிறு கூண்டுக்குள் அவர் நின்று கதைப்பதை நான் வெளியே வாங்கில் இருந்து பார்த்தேன். கதைத்தார் என்று சொல்ல முடியாது, கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு கட்டத்தில் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு திரும்பினார். கண்ணாடியில் நெற்றியை வைத்தார். அவர் வெளியே வந்த பின்பும் அந்த இடத்தில் ஒரு வட்டமான ஈரம் இருந்தது.

வீட்டுக்குத் திரும்பாமல் ஒழுங்கை வழியே கடற்கரைக்குப் போனோம். ரயில் பாதையைத் தாண்டி, அலை அடிக்கும் கருங்கற்களில் ஒன்றில் உட்கார்ந்தோம். அப்பா என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். பிறகு, "மாமாவுக்கு ஏலாமல் வந்திட்டுது பிள்ளை" என்றார். நெஞ்சுவலி என்றார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள் என்றார். பிறகு, மாமா இல்லை என்றார்.

எனக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் நான் கேட்ட கேள்வி: "அப்ப அந்த அம்மா ஏன் பாஸ் எண்டு சொன்னவ?"

அப்பா கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு ரயில் தெகிவளைப் பக்கமிருந்து வந்து எங்கள் முதுகுக்குப் பின்னால் போய் முடியும்வரை அவர் பதில் சொல்லவில்லை.

"பாஸ் பண்ணினது உண்மைதான்" என்றார். "காலமை சோதனை. பாஸ் பண்ணிப்போட்டான். அதுக்குப் பிறகுதான் ஏலாமல் வந்தது. நீ சொன்னதில ஒரு பிழையும் இல்லை. விளங்குதோ? ஆரும் கேட்டால் இப்பிடித்தான் சொல்ல வேணும். நீ சொன்னது சரி."

நான் தலையாட்டினேன். நான் சொன்னது சரி என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அப்பா என்னை நேராக மேல்மாடி ஆன்ட்டியிடம் கொண்டுபோய் விட்டார். வாசலில் அவரிடம் தாழ்ந்த குரலில் சிங்களத்தில் ஏதோ சொன்னார். ஆன்ட்டி வாயைப் பொத்திக்கொண்டார். அப்பா இறங்கிப் போகும் காலடி கேட்டது. எங்கள் வீட்டுக் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. அதன் பிறகு ஒன்றும் கேட்கவில்லை. ஒரு பெரிய அலறலை எதிர்பார்த்து நான் காதைப் பொத்தி வைத்திருந்தேன். அது வரவேயில்லை. கடைசியில் கேட்டது அம்மாவின் அழுகை மட்டும்தான். ஆன்ட்டி தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு என்னைத் தன்னோடு அணைத்துக்கொண்டார். "பய வென்ன எபா, துவே" என்றார். பயப்படாதே மகளே என்று அர்த்தம். எனக்குப் பயமாக இருக்கவில்லை. பாஸ் பண்ணிய பிறகும் லொறி ஓட்டாமல் போய்விட்டாரே என்று கவலையாகத்தான் இருந்தது.

மாமாவைக் கனடாவிலேயே எரித்தார்கள். போவதற்கு மாமிக்கு விசா கிடைக்கவில்லை. வெறும் படத்துக்கு முன்னால் விளக்கேற்றி, ஒரு மாதம் எங்கள் முன்னறையில் பாய் விரித்து வைத்திருந்தோம். யாழ்ப்பாணத்திலிருந்தும் நுகேகொடையிலிருந்தும் சொந்தக்காரர் வந்தார்கள். வந்தவர்கள் எல்லோரும் எப்படி நடந்தது என்று கேட்டார்கள்.

மாமி ஒரே மாதிரியாகச் சொல்வார். "சோதனை பாஸ் பண்ணின அண்டைக்கே எங்களை விட்டிட்டுப் போட்டார். எங்கட பிள்ளைதான் அந்தக் கோலில கதைச்சவள். பாஸ் எண்டு அவள்தான் எனக்கு முதல்ல வந்து சொன்னது." சொல்லும்போது முன்னறையில் நான் எங்கே இருக்கிறேன் என்று தேடிப் பார்ப்பார். வந்தவர்களும் என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள். நான் நிமிர்ந்து உட்காருவேன். ஒருநாள் அப்பாவிடம், மாமாவின் லைசன்ஸைத் தபாலில் அனுப்புவார்களா என்று கேட்டேன். எங்களுக்குத் தேவையில்லை என்றார்.

மாமி ஊருக்குத் திரும்பவில்லை. கொஞ்சக் காலத்தின் பின் வெள்ளவத்தையிலேயே ஒரு மருந்துக்கடையில் வேலைக்குப் போகத் தொடங்கினார். பின்னறை அவருடைய அறையாகவே ஆயிற்று. என்னிடம் ஆங்கிலம் படிப்பது மட்டும் நின்றுபோயிற்று. நானும் கேட்கவில்லை.

பதினான்கு வயதில் ஒருநாள், ஆங்கில வகுப்பில், ரீச்சர் ஒத்த கருத்துச் சொற்களைப் படிப்பித்தார். இவர் வேறு ரீச்சர். சாவதற்கு எத்தனை சொல் இருக்கிறது, சொல்லுங்கள் பார்ப்போம் என்றார். இந்தப் பாடம் எல்லோருக்கும் பிடித்துவிட்டது. ஆளுக்கொன்றாகக் கத்தினார்கள். சிலது பகிடியாக இருந்தது, வகுப்பே சிரித்தது. ரீச்சர் பலகையில் எழுதிக்கொண்டே போய், 'பாஸ் அவே' என்று எழுதினார். அது மரியாதையான சொல் என்றார். பிறகு சோக்கைத் தட்டிக்கொண்டே, "கனடா, அமெரிக்கா பக்கத்தில் பின்னால் இருக்கிற சொல்லையும் விட்டுவிடுவார்கள். வெறுமனே பாஸ் என்பார்கள். ஹீ பாஸ்ட்" என்றார்.

என் பேனை நின்றுவிட்டது. எல்லாம் ஒரேயடியாக வந்தது. உடைந்த குரல், பல தடவை சொன்ன சொறி, கூடவே இருந்தேன் என்றது, அமைதியாக நடந்தது என்றது. எல்லாவற்றுக்கும் கடைசியில், அந்த வயதான பெண் அழுதுகொண்டிருக்கும்போது அவருடைய காதில் நான் கத்திய நன்றி.

அன்றைக்கு பஸ்ஸில் என் தரிப்பு வந்தது எனக்குத் தெரியவில்லை. தெகிவளையில் கொண்டக்டர் உலுக்கித்தான் இறங்கினேன். திரும்பி நடந்து வந்தபோது மாமி வேலையிலிருந்து வந்து மாவைப் பிசைந்துகொண்டிருந்தார். "ஏன் இவ்வளவு நேரம்? பசிக்குதோ?" என்றார். என்னால் அவருடைய முகத்தைப் பார்க்க முடியவில்லை.

இரவு அப்பா தனியாக இருந்தபோது கேட்டேன். "அப்பா, மாமா அண்டைக்குச் சோதனைக்குப் போனவரோ?"

அப்பா பத்திரிகையை மடித்தார். நான் எங்கேயிருந்து இந்தக் கேள்வியோடு வருகிறேன் என்று அவர் கேட்கவில்லை. "இல்லை" என்றார். "மாமி அப்பிடி நம்பிக்கொண்டு இருக்கிறா. அது அவவுக்கு ஒரு ஆறுதல். அதை எடுத்துப்போடாதை" என்றார்.

நான் எடுக்கவில்லை. அன்றிலிருந்து மாமி யாரிடமாவது அந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் கூட இருந்து ஓம் ஓம் என்று தலையாட்டினேன். சில வேளைகளில் மாமி சொல்லாமல் விட்ட துண்டுகளையும் நானே எடுத்துச் சொன்னேன். ஒரு பெரிய மனுசிக்கு வலிக்காமல் ஒரு பொருளை நான் காவிக்கொண்டு போகிறேன் என்ற எண்ணம் எனக்குள் இருந்தது. அந்தப் பாரம் எனக்குப் பிடித்துமிருந்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

உயர்தர வகுப்பில் படித்துக்கொண்டிருந்த காலத்தில், மாமாவோடு பாண் தொழிற்சாலையில் வேலை செய்த ஒருவர் கனடாவிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்தார். மாமியைப் பார்க்க வேண்டும் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை சொக்லேட் பெட்டியோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். நல்ல மனிதர். கதிரையின் நுனியில் உட்கார்ந்து, மாமாவின் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா அன்றைக்கு வீட்டில் இல்லை. அம்மா, மாமி, நான் மூவரும் இருந்தோம்.

"எனக்கு இப்பவும் மனம் கேக்கிறேல்லை அக்கா" என்று அவர் மாமியிடம் சொன்னார். "செவ்வாய்க்கிழமை வேலை இடத்தில விழுந்தவன். நான்தான் அம்புலன்சுக்கு அடிச்சனான். சுகம் வந்திடும், வீணாப் பயப்படுத்தக் கூடாது எண்டு உங்களுக்குச் சொல்லாமல் விட்டிட்டம். கட்டிலில கிடந்துகொண்டும் வெள்ளிக்கிழமை சோதனை இருக்குது எண்டுதான் சொல்லிக்கொண்டு இருந்தவன். செத்த கிழமையே உங்களுக்கு கோல் எடுத்துச் சொன்னனான் தானே, உங்களுக்கு ஞாபகம் இருக்கும்."

 இத்தனை வருடம் அப்பாவும் நானும் காத்த பொருளை ஒரு வெளியாள் ஒரே நிமிடத்தில் மேசைக்கு நடுவில் கொண்டுவந்து வைத்துவிட்டார். மாமியின் முகத்தைப் பார்க்கப் பயந்துகொண்டு பார்த்தேன்.

மாமி அவரைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். வெகு வேகமாகப் பார்த்தார். நெருப்புக்குக் கிட்டப் போகும் குழந்தையைப் பார்ப்பதுபோல.

"இல்லைத் தம்பி, நீங்கள் மாறிச் சொல்லுறீங்கள்" என்றார். குரல் அசையவில்லை. "அவர் பாஸ் பண்ணினவர். பாஸ் பண்ணின பிறகுதான் ஏலாமல் வந்தது. எங்கட பிள்ளையிட்டத்தான் அந்த மனுசி முதல்ல சொன்னது. பிள்ளை சரியாக் கேட்டுச் சொன்னவள்."

வந்தவர் வாயைத் திறந்தார். மாமி இப்போது அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு என்ன விளங்கியதோ தெரியாது, என் பக்கம் ஒரு தடவை திரும்பிவிட்டு, "ஓம் ஓம், நான்தான் மாறிச் சொல்லிப்போட்டன். கன காலமாப் போச்சு" என்றார்.

"தேத்தண்ணி போட்டுக்கொண்டு வாறன்" என்று மாமி எழுந்து குசினிக்குப் போனார்.

நான் பின்னால் போகவில்லை. இருந்த இடத்திலேயே இருந்தேன். செத்த கிழமையே மாமிக்குத் தெரிந்திருக்கிறது. புருஷனின் முகத்தைக் கடைசியாகப் பார்க்கக்கூட வழியில்லாமல் பாயில் இருந்த அந்த நாட்களில், பத்து வயதுப் பிள்ளை ஒன்று நாளைக்கு வளர்ந்து, தான் என்ன சொல்லிவிட்டேன் என்று தெரிந்துகொள்ளக் கூடாது என்பதைப் பற்றி யோசிக்க அவருக்கு நேரம் இருந்திருக்கிறது. துக்கம் விசாரிக்க வந்தவர்களுக்கு அவர் சொன்னதெல்லாம் அவர்களுக்காகச் சொன்னதல்ல. சொல்லத் தொடங்கும் முன் முன்னறை முழுவதும் என்னைத் தேடியது நான் கேட்கிறேனா என்று பார்க்கத்தான். நானோ அதைப் பாராட்டு என்று நினைத்து, ஒவ்வொரு முறையும் இன்னும் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.